சிறார் கார்ட்டூன் அலைவரிசைகளின் தேய்வும் அவை வளர்த்த தமிழும்

முன்னுரை

நாடகத்தமிழின் வரலாற்றை ஆராய்வார் கூத்து, பாவைக்கூத்து, மேடைநாடகம், திரைப்படம், வானொலி நாடகம் என்பனவற்றைத் தம் ஆராய்ச்சிக்கு உரிய பொருளாகக் கொண்டுள்ளனர். சிறுவர்க்கென அமைந்த கார்ட்டூன் அலைவரிசைகளை அவ்வரிசையில் வைத்து எண்ணுதல் இன்னும் வழக்கிற்கு வரவில்லை. பிறநாட்டார் வரைந்த பொம்மைப்படங்களுக்குத் தமிழில் குரல் கொடுத்ததன்றி அவற்றில் தமிழர்க்கு உரியது யாதுளது என வினவுவாரும் உளர். அவ்வினாவிற்கு விடை கூறுதலும், அவ்வலைவரிசைகள் தேய்ந்த வரலாற்றை ஆண்டுமுறையில் வகுத்துரைத்தலும், அத்தேய்வினால் தமிழ் இழப்பது யாது எனக் காட்டுதலும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஓர் ஊரை முன்வைத்து ஆராயின் பொருள் தெளிவுறும். தென்காசிக்கு அணித்தே உள்ள சுந்தரபாண்டியபுரம் வயல்வளம் மிக்க சிற்றூர். சூரியகாந்தி பூக்கும் பருவத்தில் அயலூரார் திரண்டு வந்து காணும் சிறப்பினது. 1992-இல் வெளிவந்த 'ரோஜா' திரைப்படத்தில் கதைத்தலைவியின் ஊராகக் கூறப்படுவது இதுவே. 2005-இல் வெளிவந்த 'அந்நியன்' படத்தின் பெயரால் இங்குள்ள ஓவியந்தீட்டிய பாறையை மக்கள் 'அந்நியன் பாறை' என்று வழங்குகின்றனர். இவ்வட்டாரத்தின் திருக்குற்றாலத்திலோ கூத்தப்பெருமானின் ஐந்து சபைகளுள் ஒன்றாகிய சித்திரசபை உளது. அதன் சுவர் முழுதும் ஓவியமே. சுவரிலும் பாறையிலும் எழுதிய ஓவியங்கள் எழுதினார் காலத்தைக் கடந்தும் நின்று காண்பார்க்குச் சான்று பகர்கின்றன. அதே ஊர்களின் வீடுகளில் இருபது ஆண்டுகளுக்கு மேலாக நாடோறும் அசைந்து பேசிய ஓவியங்களுக்கோ அத்தகைய சான்று இல்லை. இவ்வேறுபாடே இவ்வாராய்ச்சிக்குத் தூண்டுகோலாயிற்று.

தோற்றம்

கார்ட்டூனுக்கென்றே ஓர் அலைவரிசை என்னும் கருத்து, பழம்படங்களின் உரிமையிலிருந்து பிறந்தது. அமெரிக்க நாட்டு டர்னர் நிறுவனத்தார் 1986-இல் எம்.ஜி.எம். நிறுவனத்தின் பழைய படத்தொகுதியையும், 1991-இல் ஹன்னா–பார்பெரா நிறுவனத்தையும் தமதாக்கினர். கையிருப்பில் குவிந்த படங்களை இடைவிடாது காட்டுதற்கென 1992 அக்டோபரில் 'கார்ட்டூன் நெட்வொர்க்' தொடங்கப்பெற்றது. இந்தியாவிற்கு அது 1995-இல் வந்தது. முதலில் பகற்பொழுது கார்ட்டூனுக்கும், இரவுப்பொழுது டி.என்.டி. என்னும் பெயரில் பழைய திரைப்படங்களுக்கும் எனப் பகுக்கப்பெற்றிருந்தது. 2001-இல் முழுநாள் அலைவரிசையாயிற்று.

இதன் பின்னர் அலைவரிசைகள் பெருகின. நிக்கலோடியன் 1999-இல் இந்தியாவிற்கு வந்தது. 2004-ஆம் ஆண்டு இவ்வரலாற்றில் குறிக்கத்தக்கது. போகோ, அனிமேக்ஸ், ஹங்காமா, டிஸ்னி, டூன் டிஸ்னி என்பன யாவும் அவ்வோராண்டிலேயே தோன்றின. மேற்குத்தொடர்ச்சி மலைக்கு அப்பால் உள்ள திருவனந்தபுரத்து டூன்ஸ் நிறுவனத்தார் படைத்த தெனாலிராமன் தொடர் 2003-இல் கார்ட்டூன் நெட்வொர்க்கில் வெளிவந்தது. ஐதராபாத்தில் உருவான 'சோட்டா பீம்' 2008-இல் போகோவில் தோன்றி நாடெங்கும் பரவியது. அயல்நாட்டுப் படங்களுக்கு வாயிலாக இருந்த அலைவரிசைகள் இந்நாட்டுக் கதைகளுக்கும் இடந்தரத் தலைப்பட்டமை இவற்றாற் புலனாகும்.

தமிழின் நுழைவு

தொடக்கத்தில் இவ்வலைவரிசைகள் ஆங்கிலத்திலேயே பேசின. இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகளில் தமிழ் ஒலித்தடம் சேர்க்கப்பெற்றது. ஒரே படத்திற்குப் பல மொழிகளின் ஒலி உடன் அனுப்பப்பெறும். ஊர்க் கேபிள்காரர் தேர்ந்த ஒலியே வீட்டிற்கு வந்து சேரும். எனவே எழுத்தில் ஆங்கிலமும் ஒலியில் தமிழும் கலந்து நின்றன. செவிக்கு மட்டுமே கிட்டிய தமிழ் இது.

2007 ஏப்ரலில் சன் குழுமத்தார் தொடங்கிய 'சுட்டி டிவி' இந்நிலையை மாற்றியது. பெயர், அறிவிப்பு, நிகழ்ச்சி அனைத்தும் தமிழாக அமைந்த சிறுவர் அலைவரிசை இது. இதன் வெற்றியைத் தொடர்ந்து அக்குழுமத்தார் 2009-இல் தெலுங்கிலும் கன்னடத்திலும், 2011-இல் மலையாளத்திலும் இத்தகைய அலைவரிசைகளை நிறுவினர்.

இவ்வளர்ச்சிக்கு அரசின் செயல்களும் துணைநின்றன. 2006 முதல் 2011 வரை தமிழக அரசு ஒரு கோடிக்கு மேற்பட்ட வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டிகளை விலையின்றி வழங்கியது. 2011 செப்டம்பரில் அரசு கேபிள் நிறுவனம் மாதம் 70 ரூபாய்க் கட்டணத்தில் இணைப்பு வழங்கத் தொடங்கியது. நகரத்து வசதியுள்ள வீடுகளுக்கு உரியதாயிருந்த கார்ட்டூன், சுந்தரபாண்டியபுரம் போன்ற ஊர்களில் உழவுத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைக்கும் உரியதாக வழி பிறந்தது இவ்வாறே. 2007 முதல் ஏறத்தாழப் பத்தாண்டுக் காலத்தை இவ்வலைவரிசைகளின் செழுமைக்காலம் எனக் கொள்ளலாம்.

குரல்மாற்றத் தமிழின் இயல்பு

இக்காலத்துத் தமிழின் இயல்பைச் சிறிது விரிவாக நோக்குதல் வேண்டும்.

முதலாவது, இது கட்டுண்ட மொழிபெயர்ப்பு. நூலை மொழிபெயர்ப்பார்க்குப் பொருள் ஒன்றே அளவுகோல். குரல்மாற்றத்திற்கு எழுதுவார்க்கோ படத்திலுள்ள வாய் திறக்கும் நேரமும் மூடும் நேரமும் அளவுகோலாகும். ஆங்கிலத்தில் வினை எழுவாயை அடுத்து வரும். தமிழில் அது தொடரின் இறுதியில் நிற்பதே பெரும்பான்மை. பாத்திரம் கைநீட்டிச் சுட்டும் நொடியில் ஆங்கிலச் சொல் முடிந்திருக்கத் தமிழ்த்தொடர் முடியாது நிற்கும். ஆகலின் நீண்ட தொடரைச் சிறுதொடர்களாக அறுத்தலும், பேச்சுவழக்கிற்கு இயல்பான சொன்மாற்று முறையைக் கையாளுதலும், விளியும் வியப்பிடைச் சொல்லும் பெய்து இடத்தை நிரப்புதலும் இன்றியமையாதன ஆயின. இவை யாவும் உரையாடற்கலையின் நுட்பங்களே.

இரண்டாவது, பெயரிடும் முறை. 'டோராவின் பயணங்கள்' என்னும் தொடரில் ஆங்கிலத்தில் காலணியின் பெயர் கொண்ட குரங்கு தமிழில் 'புஜ்ஜி' எனச் செல்லப்பெயர் பெற்றது. பொருளைக் கவர்ந்து செல்லும் நரி, இயற்பெயர் நீங்கிக் 'குள்ளநரி' எனவே வழங்கியது. முன்னது ஒலியின்பம் கருதிய மாற்றம். பின்னது நம் நாட்டுக் கதைமரபில் நரிக்குள்ள இயல்பைத் துணைக்கொண்ட மாற்றம். மேலும் அத்தொடரின் மூலம் ஆங்கிலம் பேசும் பிள்ளைக்கு ஸ்பானியச் சொற்களைக் கற்பிப்பது. தமிழாக்கத்திலோ ஆங்கிலம் நின்ற இடத்தில் தமிழும், ஸ்பானியம் நின்ற இடத்தில் ஆங்கிலமும் அமர்த்தப்பெற்றன. தமிழே வீட்டுமொழி, ஆங்கிலம் கற்றறியும் அயன்மொழி என்னும் உறவு ஒரு சிறுவர் தொடரின் அமைப்பிலேயே பொதிந்து கிடந்தமை கருதத்தக்கது.

மூன்றாவது, வழக்கு. நெல்லைச் சீமையின் பிள்ளை வீட்டில் 'ஏல', 'அவிய' எனக் கேட்டு வளர்வது. பள்ளியில் பாடநூலின் எழுத்துவழக்கைக் கற்பது. கார்ட்டூன் பேசிய தமிழ் இவ்விரண்டும் அன்று. பெரும்பான்மையும் வட்டாரச் சாயல் குறைந்த பொதுப்பேச்சு வழக்கு அது. தென்காசிப் பிள்ளையும் தருமபுரிப் பிள்ளையும் ஒரே மாலைப்பொழுதில் ஒரே சொல்லைக் கேட்டு மறுநாள் விளையாட்டிற் பேசினர். வட்டார வழக்கு இதனால் ஒருபுறம் நெகிழ்ந்தது எனின் அது மெய்யே. எனினும் பல வட்டாரத்துச் சிறுவர்க்கும் பொதுவானதொரு சொற்கிடங்கு இதனால் அமைந்தது என்பதும் மெய்யே.

மொழிபெயர்ப்பைத் தொல்காப்பியர் வழிநூல் வகையுள் ஒன்றாக எண்ணினார். அவ்விலக்கணம் அச்சேறிய நூலுக்கே உரியது, குரலேறிய உரைக்கு உரியதன்று எனத் தள்ளுதல் பொருந்தாது. இதனால், முன்னுரையிற் கூறிய வினாவிற்கு விடை பெறப்பட்டது. ஓவியம் பிறருடையதாயினும் உரை தமிழருடையது.

தேய்வின் அடையாளங்கள்

இவ்வலைவரிசைகள் முற்றும் மறைந்தில. பல இன்றும் ஒளிபரப்பாகின்றன. ஆகவே 'அழிவு' என்னாது 'தேய்வு' என்கிறோம். அதன் அடையாளங்கள் மூன்று.

ஒன்று, பெயர் நிலையாமை. தமிழிலும் பேசிய டூன் டிஸ்னி 2009-இல் டிஸ்னி எக்ஸ்டி ஆயிற்று. 2019-இல் மார்வெல் எச்.கியூ. ஆயிற்று, 2022-இல் சூப்பர் ஹங்காமா ஆயிற்று. பதின்மூன்று ஆண்டுகளில் மூன்று முறை பெயர் மாறியது. ஒவ்வொரு மாற்றத்திலும் பழைய நிகழ்ச்சிகள் விலகப் புதியன புகுந்தன.

இரண்டு, மூடப்படுதல். சப்பானிய அசைவூட்டப் படங்களுக்கென அமைந்த அனிமேக்ஸ் 2017-இல் இந்தியாவில் நிறுத்தப்பெற்றது. 2020-இல் இங்கிலாந்திலும், 2021-இல் தென்கிழக்காசிய நாடுகளிலும் டிஸ்னி நிறுவனத்தார் தம் சிறுவர் அலைவரிசைகளை மூடினர். அந்நிகழ்ச்சிகளைத் தம் இணையவழிச் சேவைக்கு மாற்றினர்.

மூன்று, தாய்நிலையம் சுருங்குதல். 2022-இல் வார்னர், டிஸ்கவரி நிறுவனங்கள் இணைந்தபின் கார்ட்டூன் நெட்வொர்க்கின் படைப்பகம் வார்னர் படைப்பகத்தோடு சேர்த்து நடத்தப்பெற்றது. 2023-இல் அமெரிக்காவில் அதன் மாலைப்பொழுது முதியோர்க்கான நிகழ்ச்சிப் பகுதிக்கு ஒதுக்கப்பெற்றது. 2024-இல் அதன் அமெரிக்க இணையதளமும் மூடப்பெற்றது.

காரணங்கள்

பிள்ளைகள் கார்ட்டூனை வெறுத்தமையால் இத்தேய்வு நேர்ந்ததன்று. அவர்கள் முன்னினும் மிகுதியாகக் காணும் வாய்ப்பைப் பெற்றமையே காரணம். சிறுவர் அலைவரிசையின் வாணிகம் மீள்காட்சியை அடித்தளமாகக் கொண்டது. மூத்த பிள்ளை வளர்ந்து விலக, இளைய பிள்ளை புதிதாக வந்து அமரும். எனவே ஒருமுறை வாங்கிய படத்தைப் பன்முறை காட்டினும் காண்பார் குறையார். விளம்பர வருவாய் சிறிதாயினும் இம்முறையால் அலைவரிசை வாழ்ந்தது. 2005-இல் தோன்றிய யூடியூப்பும், 2016-க்குப் பின் மலிவான கைப்பேசி இணையமும் அவ்வடித்தளத்தைப் பெயர்த்தன. விரும்பிய காட்சியை விரும்பிய பொழுதில் விரும்பிய முறை காணலாம் என்றான பின், அலைவரிசை குறித்த நேரத்திற்குக் காத்திருக்க வேண்டிய தேவை பிள்ளைக்கு இல்லை. மீள்காட்சி என்னும் வலிமையே மெலிவாயிற்று.

கட்டணமுறை மாற்றம் அடுத்த காரணம். முன்னர்க் கேபிள்காரர் தந்த கட்டில் சிறுவர் அலைவரிசையும் கேளாமலே வந்தது. 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த ஒழுங்குமுறை ஆணையத்தின் விதியால், கட்டண அலைவரிசைகளுக்குத் தனித்தனியே விலை குறிக்கப்பெற்றது. தேர்ந்தெடுப்பவர் பெற்றோர் ஆதலின், குடும்பத் தொடரும் செய்தியும் முன்நிற்கப் பிள்ளையின் அலைவரிசை பின்தங்குதல் இயல்பே.

இதனிடையே தமிழகத்திலேயே ஒரு மாற்றம் நிகழ்ந்தது. 2013-இல் சென்னையில் தொடங்கிய 'சுச்சு டிவி' தொலைக்காட்சி நிலையம் எதுவுமின்றி யூடியூப் வழியே உலகப்புகழ் பெற்றது. படைப்போர் தமிழர்; படைப்பகம் சென்னை; ஆயின் உலகெங்கும் பரவியவை பெரும்பான்மையும் ஆங்கிலக் குழந்தைப் பாடல்கள். பிறநாட்டு ஓவியம் தமிழ் பேசிய காலம் தேய, தமிழ்நாட்டு ஓவியம் ஆங்கிலம் பேசும் காலம் வளர்ந்தது. வாணிக நோக்கில் இது வெற்றி. தமிழ் நோக்கில் எண்ணிப் பார்த்தற்குரியது.

இழப்பு யாது?

இணையத்திலும் தமிழ்க் கார்ட்டூன்கள் உளவே எனலாம். உண்மை. ஆயின் அங்கே ஒவ்வொரு பிள்ளையும் வெவ்வேறு காட்சியை வெவ்வேறு மொழியில் தனித்துக் காண்கிறது. ஊர்ப்பிள்ளைகள் ஒருங்கு கேட்ட சொல் என ஒன்று அங்கு அமைவது அரிது.

இதனினும் பெரிது சான்றின்மை. குரல்மாற்ற உரைகள் அச்சேறவில்லை. உரை எழுதினார் பெயரும் குரல் கொடுத்தார் பெயரும் நிகழ்ச்சியின் ஈற்றில் பெரும்பாலும் காட்டப்பெறவில்லை. உரிமைக்காலம் முடிந்தபின் தமிழ் ஒலித்தடத்தைப் பேணும் கடமை எவர்க்கும் இல்லாது போயிற்று. அயல்நாட்டு மூலம் பெட்டகத்தில் உளது. தமிழாக்கமோ கேட்டார் நினைவில் மட்டுமே உளது.

முடிவுரை

அலைவரிசையின் தேய்வைத் தடுத்தல் தமிழ்த்துறையின் பணியன்று. அதனால் இயல்வதும் அன்று. தமிழ் உரையாடலின் ஒரு பகுதி பதிவின்றி மறையாமற் காத்தல் அதன் பணியாகும். அப்பணி மூன்று வகைப்படும். குரல்மாற்றத்திற்கு எழுதினாரையும் குரல் கொடுத்தாரையும் கண்டு அவர்தம் பட்டறிவைப் பதிவு செய்தல். எஞ்சியுள்ள ஒலிப்பதிவுகளையும் உரைப்படிகளையும் உரியவர் இசைவு பெற்றுத் திரட்டுதல். 1990-க்கும் 2005-க்கும் இடையே பிறந்தாரிடம் வட்டாரந்தோறும் சென்று, அவர் நினைவிலுள்ள பெயர்களையும் தொடர்களையும் தொகுத்து வட்டார வழக்கோடு ஒப்பிடுதல் என்பன அவை. மூன்றாவதனைச் சுந்தரபாண்டியபுரம் போன்ற ஊரிலிருந்தே முதுகலை மாணவர் தொடங்கலாம். அன்று கேட்ட பிள்ளைகள் இன்று இளைஞர். தம் பிள்ளைகளுக்குக் கைப்பேசியை எடுத்துக் கொடுக்கும் பருவத்தினர். அவர் நினைவு தெளிவாக உள்ளபோதே இப்பணியை மேற்கொள்ளுதல் வேண்டும்.