அமெரிக்கப் பதின்வயதினரின் முதல் கார்

அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களில் 16 வயதிலேயே ஓட்டுநர் உரிமம் கிடைத்துவிடுவதாலும், பெருநகரங்களுக்கு வெளியே பேருந்து வசதி அரிது என்பதாலும், பிள்ளைக்குப் பழைய கார் ஒன்றை வாங்கித் தருவது நடுத்தரக் குடும்பங்களின் வழக்கமாக வேரூன்றியது. பழைய கார்களின் மதிப்பைத் தொகுத்துரைக்கும் ‘கெல்லி புளூ புக்’ 1926இலேயே வெளிவந்தது, இவ்வணிகத்தின் தொன்மைக்குச் சான்று.

எனினும் 1973 அக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெய் ஏற்றுமதிக்குத் தடை விதித்து, பெட்ரோல் நிலையங்களில் வரிசைகள் நீளும்வரை, எரிபொருள் சிக்கனத்தைப் பெரிதாக எண்ணியோர் சிலரே. அதன்பின் ஹோண்டா சிவிக், டொயோட்டா கொரோலா போன்ற சிறிய ஜப்பானியக் கார்கள் செல்வாக்குப் பெற்றன. 1975ஆம் ஆண்டுச் சட்டமோ, ஒரு நிறுவனம் விற்கும் கார்களின் சராசரி, 1985க்குள் காலனுக்கு, அதாவது ஏறத்தாழ 3.8 லிட்டருக்கு, 27.5 மைல் என்ற அளவை எட்ட வேண்டுமென விதித்தது. அன்று புதிதாக விற்ற சிக்கனக் கார்களே, ஓரிரு கை மாறி, விலை சரிந்தபின் மாணவர்களிடம் வந்து சேர்ந்தன.

ஆனால் சிக்கனம் தந்த அதே எடைக்குறைவு, மோதலின்போது பாதுகாப்பைக் குறைத்தது; பெற்றோர் இதை நெடுங்காலம் பொருட்படுத்தவில்லை என்றே கூறவேண்டும். சறுக்கும் காரைத் தானே நிலைப்படுத்தும் மின்னணுக் கட்டுப்பாடு 2012ஆம் ஆண்டு மாதிரிகளிலிருந்து அங்கே கட்டாயமாயிற்று. காப்பீட்டுத் துறையின் நெடுஞ்சாலைப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் பதின்வயதினருக்கென வெளியிடும் பழைய கார்ப் பட்டியலில் மிகச்சிறிய கார்களுக்கு இடமில்லை.