காசுக்கு வாங்கிய லைசன்ஸ்



லொறியும் பஸ்ஸும் ஓட்டிப் பிழைக்கும் குடும்பங்கள் நமது ஊரில் நிறைய இருக்கின்றன. "ட்ரயல் எல்லாம் எதுக்கு, காசைக் குடுத்தா லைசன்ஸ் வீட்டுக்கே வரும்" என்ற பேச்சும் நமது காதில் விழாமல் இல்லை. அந்தப் பேச்சைக் கேட்கும்போது நாம் நினைக்க வேண்டிய ஒரு வரலாறு அமெரிக்காவில் இருக்கிறது.

1986 வரை அங்கே பல மாநிலங்களில் கார் லைசன்ஸ் இருந்தாலே மிகப் பெரிய ட்ரக்கையும் பஸ்ஸையும் ஓட்டலாம். சில சாரதிகள் இரண்டு மூன்று மாநிலங்களில் லைசன்ஸ் எடுத்துப் பையில் வைத்திருந்தார்கள். ஒன்று ரத்தானால் அடுத்ததைக் காட்டிவிட்டு ஓட்டத்தைத் தொடர்ந்தார்கள்.

அந்த வருடம் ஒக்டோபரில் ஜனாதிபதி ரீகன் கையெழுத்திட்ட சட்டம் இதற்கு முடிவு கட்டியது. ஒரு சாரதிக்கு ஒரே லைசன்ஸ்தான். 1992 ஏப்ரல் முதல், நாடு முழுவதற்கும் பொதுவான தரத்தில் பரீட்சை எழுதி, அந்த வகை வாகனத்தையே ஓட்டிக் காட்டியவர்தான் கனரக வாகனத்தில் ஏறலாம் என்றானது.

தண்டனைகளும் கடுமையாயின. போதையில் ஓட்டினாலோ விபத்து நடந்த இடத்தை விட்டுத் தப்பினாலோ ஒரு வருடத் தடை. அபாயகரமான பொருள் ஏற்றியிருந்தால் அது மூன்று வருடம். இரண்டாவது முறை என்றால் ஆயுள் தடை. 10 வருடத்துக்குப் பிறகே மீள்பரிசீலனைக்கு வழியுண்டு. வாகனத்தைப் போதைப்பொருள் கடத்தப் பயன்படுத்தியவருக்கு அந்த வழியும் இல்லை.

சட்டம் இவ்வளவு இறுக்கமாக இருந்தும் 1994 நவம்பர் 8 அன்று மில்வோக்கி நகரில் ஒரு கொடுமை நடந்தது. முன்னால் சென்ற ட்ரக்கிலிருந்து கழன்று விழுந்த இரும்புத் துண்டு, பின்னால் வந்த வேனின் எரிபொருள் தாங்கியைக் கிழித்தது. வேன் தீப்பற்றியது. ஒரே குடும்பத்தின் ஆறு பிள்ளைகள் பலியானார்கள்.

அந்த ட்ரக் சாரதி இலினோய் மாநிலத்தில் லஞ்சத்தால் லைசன்ஸ் பெற்றவர் என்பது பின்னர் விசாரணையில் வெளிவந்தது. லைசன்ஸ் வழங்கும் காரியாலயத்தில் ஊழியர்கள் சிலர் வாங்கிய லஞ்சத்தில் ஒரு பகுதி, அவர்களின் மேலதிகாரியான ஜோர்ஜ் ரயனின் தேர்தல் நிதிக்கே போயிருந்தது. அவர் பிறகு மாநில ஆளுநராகவும் ஆனார். ஆனாலும் விசாரணை நிற்கவில்லை. 70 பேருக்கு மேல் குற்றவாளிகளாகக் காணப்பட்டார்கள். 2006 இல் ரயனுக்கும் ஆறரை வருடச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது.

சட்டப் புத்தகத்தில் குறையில்லை. ட்ரயல் தாளில் கையெழுத்துப் போட்ட கைதான் விலைபோனது. வீதியில் போகும் ஒவ்வொரு உயிரும் சாரதியிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அவரைச் சோதித்து அனுப்புபவரிடமும், காசு எடுத்துக் கொடுக்கும் பெற்றோராகிய நம்மிடமும் அதே அமானிதம்தான் இருக்கிறது.

நமது பிள்ளை ட்ரயலில் இரண்டு தடவை பெயிலானால் வெட்கப்பட ஒன்றுமில்லை. மூன்றாவது தடவையும் பழகட்டும்.