ஓடியவனும் நின்றவனும்

திருப்பூரிலிருந்து காங்கயம் போகும் சாலையில் நல்லூர். 2011ல் மாநகராட்சியோடு சேரும்வரை தனி நகராட்சி. அங்கே டீக்கடையில் ஒரு பனியன் கம்பெனிக் கான்ட்ராக்டர் தன் ஆட்கள் இருவரைப்பற்றிச் சொன்னார்: 'ஒருத்தன் நின்னுட்டானுங்க, இன்னொருத்தன் ஓடிட்டானுங்க.' இருவரும் செய்தது ஒன்றுதான். சனிக்கிழமை சம்பளம் வாங்கிப் போனவர்கள் திங்கட்கிழமை வரவில்லை, சொல்லிக்கொள்ளவும் இல்லை. ஓடியவன் அட்வான்ஸ் வாங்கியிருந்தான், நின்றவன் வாங்கவில்லை. வித்தியாசம் அவ்வளவே.

சொல்லாமல் போவதற்குத் தமிழில் வினைகள் பல. கம்பி நீட்டுதல், நழுவுதல், தலைமறைவாதல், ஓடிப்போதல். அகராதி இவற்றை ஒன்றுக்கொன்று பொருளாகத் தரக்கூடும். பிரயோகம் அப்படியல்ல. கம்பி நீட்டியவனைச் சொல்கிறவன் பாதி சிரித்துக்கொண்டே சொல்கிறான். தலைமறைவு, போலீசுக்கும் அரசியல் கட்சிக்கும் பொதுவான சொல். ஒருவருக்குக் குற்றம், மற்றவருக்குக் கௌரவம். ஓடினான் என்பதில்தான் ஒரு உரிமையாளன் ஒளிந்திருக்கிறான். நின்றான் என்பதற்கு எதிரில் முதலாளியின் வினை நிறுத்தினான். இரண்டும் ஒரே தளத்தவை. ஓடினான் என்பதற்கு எதிரில் இருப்பதோ பிடித்தான்.

இந்தப் பொருளுக்குச் சட்டமே இருந்தது. 1859ன் வேலை ஒப்பந்த மீறல் சட்டப்படி, முன்பணம் வாங்கி வேலையை விட்டவன் பணத்தைத் திருப்ப வேண்டும், அல்லது வேலையை முடிக்க வேண்டும். மறுத்தால் மூன்று மாதம்வரை சிறை. ஒப்பந்தம் மீறும் முதலாளிக்கு அதில் தண்டனை இல்லை. அதை நீக்கும் சட்டம் 1925ல்தான் வந்தது. தமிழ் மாவட்டங்களிலிருந்து கங்காணிகள் கூட்டிச்சென்ற இலங்கைத் தோட்டங்களில் 1865ன் சட்டம் இதே வேலையைச் செய்தது. கடன் தொகை எழுதிய 'துண்டு' இல்லாமல் ஒரு தோட்டத்து ஆளை இன்னொரு தோட்டம் ஏற்பதில்லை. துண்டு 1921ல் ஒழிந்தது. இரவில் லயத்தை விட்டுப் போனவனுக்குத் துரைமார் வைத்திருந்த சொல் 'போல்ட்டர்' — மிரண்டு ஓடும் குதிரைக்கு ஆங்கிலத்தில் வழங்கும் வினையிலிருந்து வந்தது. இங்கே 1976ன் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் கொத்தடிமைக் கடன்களை ரத்து செய்தது. வினைச்சொல்லை ரத்து செய்ய எந்தச் சட்டத்தாலும் முடியவில்லை.

இதற்கெல்லாம் முந்திய ஒரு பிரயோகமும் நம்மிடம் இருக்கிறது. அகமரபில் தலைவி, வீட்டார் அறியாமல் தலைவனோடு செல்வது உடன்போக்கு, தொல்காப்பியத்தில் கொண்டுதலைக்கழிதல். போக்கு, கழிதல் — இரண்டிலும் ஓட்டம் இல்லை. தாய் புலம்புகிறாள், ஆனால் துறைக்குப் பெயர் அவள் கோபத்திலிருந்து எடுக்கப்படவில்லை. அதே செயல் பின்னால் 'ஓடிப்போனவள்' ஆயிற்று. மகளும் உடைமையாக எண்ணப்பட்ட இடத்தில்தான் இந்த மாற்றம் சாத்தியம்.

இரண்டு பொருளும் ஒரே ஆளின்மேல் விழுந்ததையும் இந்தப் பகுதி பார்த்திருக்கிறது. 2000களில் கோவை, திருப்பூர், திண்டுக்கல் பஞ்சாலைகளில் பெண்களைச் சேர்த்த 'சுமங்கலித் திட்டம்': மில் விடுதியில் தங்கி மூன்று வருஷம் போல வேலை, முடிவில் கல்யாணத்துக்கென்று மொத்தமாக ஒரு தொகை. நடுவில் விட்டால் தொகை போயிற்று. இது தலைகீழான அட்வான்ஸ்; இங்கே கடன்பட்டிருந்தது மில். இருந்தும் சுவரேறி ஊருக்குப் பஸ் பிடித்த பெண்ணைப்பற்றி விடுதியில் சொல்லக்கூடியது 'ஓடிட்டா' என்பதே. அந்தச் சொல் அவளுக்கு முன்பே ஊருக்குப் போய்ச் சேர்ந்துவிடும். அங்கே அதற்கு வேறு அர்த்தம் காத்திருக்கும். கேட்டிலுள்ள பூட்டைவிட இந்தப் பயம்தான் பல பெண்களை உள்ளே வைத்தது என்று எனக்குப் படுகிறது.

'போனாள்' என்று சொல்ல நம் மொழிக்குத் தெரியும். பழைய இலக்கணத்திலேயே இருக்கிறது. சொல்வதற்குத்தான் நமக்கு மனமில்லை.