திகில் வீடியோ கேம்

ஆடுபவரை அச்சுறுத்துவதையே முதல் நோக்கமாகக் கொண்ட கணினி, கைப்பேசி ஆட்டங்கள் திகில் வீடியோ கேம் எனப்படும். பேய்ப்படம் பார்ப்பவர் கண்ணைப் பொத்திக்கொண்டாலும் படம் தன்பாட்டுக்கு ஓடும். கேமில் அந்த வசதி இல்லை. ஆடுபவர் நின்றால் கதையும் நின்றுவிடும். கதவைத் திறக்க வேண்டியதும் இருட்டுக்குள் காலெடுத்து வைக்க வேண்டியதும் அவர்தான். ‘போகாதே’ என்று திரையைப் பார்த்துக் கத்த முடியாது, ஏனென்றால் போகிறவரே அவர்தான்.

ஜப்பானின் கேப்காம் நிறுவனம் 1989-இல் வெளியிட்ட ‘ஸ்வீட் ஹோம்’ இவ்வகையின் முன்னோடிகளுள் ஒன்று. அதே நிறுவனத்தின் ‘ரெசிடென்ட் ஈவில்’ (1996) இதை உலகெங்கும் கொண்டுசென்றது. அதில் ஆட்டத்தைச் சேமிக்கத் தட்டச்சு இயந்திரமும் மை நாடாவும் வேண்டும். நாடாக்கள் எண்ணிக்கையில் குறைவு என்பதால் துப்பாக்கிக் குண்டைப் போலவே சேமிப்பையும் சிக்கனமாகச் செலவழிக்க வேண்டியிருந்தது. கோனாமியின் ‘சைலன்ட் ஹில்’ (1999) வேறு வழியில் போனது. அக்காலப் பிளேஸ்டேஷனால் தொலைவில் உள்ள தெருக்களை வரைந்து காட்ட முடியவில்லை. அந்தக் குறையை மறைக்க ஊர் முழுவதும் மூடுபனியைப் பரப்பினார்கள், அதுவே ஆட்டத்தின் முகமாகிவிட்டது. நாயகன் சட்டைப்பையில் ஒரு வானொலி உண்டு. அரக்கன் நெருங்கினால் அது கரகரக்கும். கண்ணுக்கு ஒன்றும் தெரிவதற்கு முன்பே காது நடுங்கத் தொடங்கிவிடும்.

சுவீடனின் ‘அம்னீசியா: தி டார்க் டிசென்ட்’ (2010) ஆயுதத்தையே பிடுங்கிக்கொண்டது. ஓடலாம், ஒளியலாம், அவ்வளவுதான். அரக்கனை உற்றுப் பார்த்தாலே நாயகனின் மனநிலை குலையும் என்பதால் பார்க்கும் ஆசையே தண்டனையாக மாறியது. பிரிட்டனில் உருவான ‘ஏலியன்: ஐசலேஷன்’ (2014) ஆடுபவரை வேட்டையாடும் வேற்றுக்கிரக விலங்கின் அறிவை இரண்டாகப் பிரித்தது. ஆடுபவர் இருக்கும் இடம் ஓர் அடுக்குக்கு எப்போதும் தெரியும், ஆனால் அது குறிப்பு மட்டுமே கொடுக்கும். விலங்கை நடத்தும் மற்ற அடுக்கு தன் கண்ணையும் காதையும் நம்பித்தான் தேடும். அதனால் விலங்கு ஏமாற்றுவதுபோலவும் தெரியாது, வழிதவறி எங்கோ சுற்றுவதுமில்லை.

கிள்ளான் பள்ளத்தாக்கின் கைப்பேசிப் பேய்

மலேசியாவில் இத்துறையின் பேர்சொல்லும் படைப்புகள் கய்கான் கேம்ஸ் குழுவினருடையவை. 2016-இல் இலவசமாக வெளிவந்த ‘சாரா இஸ் மிஸ்ஸிங்’ முன்னோட்டம் போல அமைந்தது. 2017-இல் ‘சிமுலாக்ரா’ வந்தது. 2019-இலும் 2022-இலும் அதன் அடுத்த பாகங்கள் வெளியாயின. முதல் பாகத்தின் கதை எளிது. காணாமற்போன அன்னா என்ற பெண்ணின் கைப்பேசி உங்கள் கையில் கிடைக்கிறது. குறுஞ்செய்தி, மின்னஞ்சல், படத்தொகுப்பு என்று ஒவ்வொன்றாகத் திறந்து, சிதைந்துபோன செய்திகளைக் கோத்து அவளுக்கு என்ன நேர்ந்தது என்று கண்டுபிடிக்க வேண்டும். காணொளிகளில் வருவோர் வரைகலை உருவங்கள் அல்லர், நிஜ நடிகர்கள்.

இந்த உத்தியின் கெட்டிக்காரத்தனம் செலவில் இருக்கிறது. மாளிகையும் காடும் முப்பரிமாணத்தில் கட்ட வேண்டியதில்லை, கைப்பேசித் திரை ஒன்று போதும். கைப்பேசியிலேயே ஆடுபவருக்கோ ஆட்டத்தின் திரை எது, தன் திரை எது என்ற எல்லையே கொஞ்ச நேரத்தில் அழிந்துவிடுகிறது. நள்ளிரவில் மேசைமேல் கைப்பேசி ‘விர்ர்’ என்று அதிர்ந்தால், அது அன்னாவுக்கு வந்த செய்தியா நமக்கு வந்ததா என்று ஒரு கணம் தயக்கம் வருகிறதே, அதை எந்தக் கோரமுகமும் தர முடியாது. பிறர் கடிதத்தைப் பிரித்துப் படிக்கும் குற்ற உணர்வும் சேர்ந்துகொள்கிறது.

குறை என்று சொல்ல ஒன்று உண்டு. அன்னாவின் உலகம் எந்த ஆங்கில நகரத்திலும் நடக்கக்கூடியது. மலேசியாவின் பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடியில் குடியிருக்கும் ஒரு பெண்ணின் வாட்ஸ்அப்பில் ‘சாப்பிட்டியாம்மா’ என்று அம்மாவின் குரல்செய்தி ஒன்று கேட்கப்படாமலே கிடந்திருந்தால், தமிழ் ஆட்டக்காரருக்கு அதைவிடப் பெரிய திகில் வேண்டியதில்லை. உலகச் சந்தைக்கு விற்க வேண்டிய கட்டாயம் புரிகிறது. ஆனாலும் அண்டை நாடுகள் அதே சந்தையில் தங்கள் பேய்களையே விற்றுக் காட்டியிருக்கின்றன.

ஊரறிந்த விதிகள்

பாண்டுங் நகரில் உருவான ‘டிரெட்அவுட்’ (2014) இந்தோனேசியப் பேய்களைக் கைப்பேசிக் கேமராவால் எதிர்கொள்ள வைத்தது. அதே நாட்டின் ‘பாமாலி’ ஒருபடி மேலே போய், ஊர் விலக்குகளையே ஆட்ட விதிகளாக்கியது. செய்யக்கூடாததைச் செய்தால் பேய் கவனிக்கும். இரவில் நகம் வெட்டாதே, விசிலடிக்காதே, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் முதல் அழைப்புக்குப் பதில் சொல்லாதே என்று நம் வீட்டுப் பாட்டிகள் சொன்னவையும் இந்த வகைதான். விதியை விளக்கும் பயிற்சிக் கட்டமே தேவையில்லை. ஆடுபவர் அதைச் சிறுவயதிலேயே மனப்பாடம் செய்துவிட்டார்.

பொந்தியானாக் பற்றிய மலாய் நம்பிக்கை ஒன்று ஒலியமைப்பாளருக்குப் புதையல். பேற்றின்போது இறந்த பெண்ணின் ஆவியான அதன் குரல் உரக்கக் கேட்டால் அது தொலைவில் இருக்கிறது, மெலிந்து கேட்டால் பக்கத்தில் நிற்கிறது என்பார்கள். நெருங்கினால் ஒலி கூடும், விலகினால் குறையும் என்பது கேம் மென்பொருள்கள் வழக்கமாகப் பின்பற்றும் கணக்கு. அதைத் தலைகீழாக்கினால் போதும். சத்தம் அடங்குவதைக் கேட்டு ஆறுதலடைந்த ஆட்டக்காரர், இரண்டாம் முறை அதே அமைதியில் உறைந்துபோவார். இந்தியாவிலிருந்து வந்த இயக்குநர் பி. என். ராவ் 1957-இல் ‘பொந்தியானாக்’ படத்தை எடுத்து மலாய்ப் பேய்ப்பட மரபுக்கு வழிவகுத்தார் என்பதும் இங்கே நினைவுக்கு வருகிறது.

சுங்கை பூலோவில் ஒரு களம்

திகில் கேம்களின் பொது நோய் மூன்று: திடீர்க் கூச்சல், மிதமிஞ்சிய இருட்டு, அடிக்கடி சாவு. கடைசியதுதான் ஆபத்தானது. ஒரே இடத்தில் ஐந்தாம் முறை செத்தவருக்குப் பேய் ஒரு தொந்தரவு மட்டுமே. அது எந்த மூலையிலிருந்து, எத்தனையாவது நொடியில் வரும் என்று கணக்கு வைத்துக்கொள்வார். சாவுக்குப் பதில் இழப்பைக் கொடுக்கலாம். ஒரு விளக்கு, ஒரு துணை, திரும்பிப் போக இருந்த ஒரு பாதை.

இருட்டுக்கு மாற்று கிள்ளான் பள்ளத்தாக்கிலுள்ள சுங்கை பூலோவின் ரப்பர் தோட்டத்தில் கிடைக்கும். 1925-இல் தொடங்கிய ரப்பர் ஆராய்ச்சிக் கழகத்தின் சோதனைத் தோட்டம் இங்கேதான் இருந்தது. அந்நிலத்தின் பெரும்பகுதி இப்போது குவாசா டாமன்சாரா என்ற நகரியமாக மாறிவருகிறது. கித்தா எனப்படும் ரப்பர் மரங்கள் கோடு போட்டதுபோல் வரிசையாக நிற்கும். எந்தப் பக்கம் திரும்பினாலும் அதே மரம், அதே வெட்டு, பால் ஏந்தும் அதே மங்கு. பத்து நிமிடத்தில் திசை போய்விடும். மரத்தின் மாதிரி ஒன்றையே ஆயிரம் முறை நட்டால் மற்ற கேம்களில் சோம்பேறித்தனம் என்பார்கள், இங்கே அதுதான் உண்மை. நடுப்பகல் வெயிலில் காய்ந்த ரப்பர் காய் ‘பட்’டென்று வெடித்துக் கொட்டை சருகில் விழும். பிறகு நிசப்தம். தோட்டத்தில் வளர்ந்தவர் அதைப் பொருட்படுத்தமாட்டார். ஒரு வெடிப்புக்குப் பின் கொட்டை விழும் சத்தம் கேட்காமல் போனால்தான் அவர் தலையை நிமிர்த்துவார். விடியலுக்கு முன் தலைவிளக்கோடு போகும் பால்மரத் தொழிலாளியின் வெளிச்சம் ஒரு மரத்தளவுக்குத்தான் எட்டும். கேமுக்கு வேண்டிய வெளிச்சமும் அவ்வளவுதான்.

இவ்வூரின் பெயரைச் சொன்னால் பலருக்கும் முதலில் நினைவுக்கு வருவது 1930-இல் திறக்கப்பட்ட தொழுநோயாளர் குடியிருப்பு. 1926-ஆம் ஆண்டுச் சட்டப்படி நோயாளிகள் கட்டாயமாகப் பிரித்துவைக்கப்பட்டார்கள். உள்ளே தனி நாணயம் புழங்கியது. அங்கே பிறந்த குழந்தைகள் பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பட்டார்கள். கிழக்குப் பகுதிக் கட்டடங்கள் பல்கலைக்கழக வளாகத்துக்காக 2007-இல் இடிக்கப்பட்டன. கைவிடப்பட்ட மருத்துவ விடுதியைக் கண்டதும் உருக்குலைந்த முகத்தோடு ஒரு பேயை உலவவிடத் தோன்றுவது கேம் உலகின் பழைய வழக்கம். இங்கே அதைச் செய்வது அநியாயம். அந்த முகத்துக்காகத்தான் இவர்களை ஊர் ஒதுக்கிவைத்தது.

வேறு வழி இருக்கிறது. தைவானின் ‘டிடென்ஷன்’ (2017) 1960-களின் இராணுவச் சட்டக் காலத்தை ஒரு பள்ளிக்கூடத்துக்குள் வைத்துச் சொன்னது. அதில் பேயைவிட, யார் யாரைக் காட்டிக்கொடுத்தார்கள் என்பதே உறக்கத்தைக் கெடுக்கும். அதுபோலச் சுங்கை பூலோவிலும் பயமுறுத்த வேண்டியது நோயாளி அல்லர், குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியேறும் காலடிச் சத்தம்.

குடியிருப்பில் இன்னும் முதியவர்கள் வாழ்கிறார்கள், பூச்செடி நாற்றங்கால்களில் வியாபாரம் நடக்கிறது. அங்கே ஒலிப்பதிவுக் கருவியோடு போக நினைக்கும் இளம் கேம் கலைஞர்கள் முதலில் அவர்களிடம் அனுமதி கேளுங்கள், கதையையும் அவர்களிடமே கேளுங்கள்.