தடையாணைக்கு எட்டாத நூலகம்: ஆர்.கே.பேட்டை வட்டாரத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

1. ஆய்வுப் பொருள்

பொது நூலகத்தை மூடுவதற்கு எப்போதும் அரசாணை தேவைப்படுவதில்லை. நூலகர் பணியிடத்தை நிரப்பாமல் விட்டாலும், திறந்திருக்கும் நேரத்தைக் குறைத்தாலும், புதிய நூல் வாங்காவிட்டாலும் போதும். வாசகர் தாமே நின்றுவிடுவர். ஆணைக்கு எதிரான போராட்டத்தில் தமிழகம் ஒருமுறை வென்றது. இந்த ஓசையற்ற தேய்வை அதே வழியில் தடுக்க முடியுமா என்பதே, திருவள்ளூர் மாவட்டத்தின் மேற்குக் கோடியிலுள்ள ஆர்.கே.பேட்டை வட்டாரத்தை முன்வைத்து இங்கு ஆராயப்படுகிறது.

2. கோட்டூர்புரம்: வென்ற வழக்கு

சென்னை கோட்டூர்புரத்தில் அண்ணா நூற்றாண்டு நூலகம் 2010 செப்டம்பர் 15 அன்று திறக்கப்பட்டது. அடுத்த ஆண்டு நவம்பர் 2 அன்று, அக்கட்டடத்தைக் குழந்தைகள் மருத்துவமனையாக்குவதாக அரசு அறிவித்தது. எழுத்தாளர்களும் மாணவர்களும் தெருவுக்கு வந்தனர்; பொதுநல மனுக்கள் தாக்கலாயின. இரண்டே நாளில் சென்னை உயர்நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. பின்னர் அவ்விடத்தைத் திருமண நிகழ்ச்சிக்கு விட்டபோதும் நீதிமன்றம் குறுக்கிட்டது.

ஆனால் கட்டடம் தப்பியதும் நூலகம் தப்பிவிடவில்லை. அடுத்து வந்த ஆண்டுகளில் பராமரிப்புக் குறைந்தது. அதைச் சரிசெய்யவும் வாசகர் தரப்பு மீண்டும் நீதிமன்றப் படியேறியது. தலைநகரின் பெரிய நூலகத்துக்கே இந்த நிலை என்றால், கேட்க ஆளில்லாத கிளை நூலகத்தின் கதி எளிதில் விளங்கும்.

3. வரியே வேர்

கிளை நூலகத்தின் தேய்வுக்கு வேர் நூலக வரியில் இருக்கிறது. விடுதலைக்குப் பின் இந்தியாவில் முதலில் இயற்றப்பட்ட நூலகச் சட்டம் 1948ஆம் ஆண்டின் சென்னைப் பொது நூலகச் சட்டம். நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர்.அரங்கநாதன் நெடுநாள் வலியுறுத்தியது, தி.சு.அவினாசிலிங்கம் கல்வி அமைச்சராக இருந்தபோது சட்டமாயிற்று. வீட்டுவரி, சொத்துவரியோடு ரூபாய்க்கு அரையணா என்று தொடங்கிய நூலக வரி இன்று 10 பைசா. இதை வசூலிப்பது உள்ளாட்சி. செலவிடுவது மாவட்ட நூலக ஆணைக்குழு. இடையில் தொகை நிலுவையில் நின்றால் நாளிதழும் புதுநூலும்தான் முதலில் நிற்கும். இதற்குத் தடையாணை வாங்க எந்த ஆணையும் எழுத்தில் இராது.

இன்னொரு குறையும் உண்டு. வரி கட்டடத்தின் மதிப்பைப் பொறுத்தது. இதே மாவட்டத்தில் ஆலைகள் நிறைந்த கும்மிடிப்பூண்டிப் பக்கமும் தறி வீடுகள் நிறைந்த ஆர்.கே.பேட்டைப் பக்கமும் ஒரே அளவு ஈட்டா. மாவட்டத்துக்கு ஒரே ஆணைக்குழு என்பது இந்த ஏற்றத்தாழ்வைச் சமன்செய்யும் நல்ல ஏற்பாடு. அந்தப் பங்கு மேற்குக் கோடி வரை வந்து சேர்கிறதா என்று கேட்பது ஊராரின் உரிமை.

4. எல்லை ஊரின் தனித்தேவை

ஆர்.கே.பேட்டையை உள்ளடக்கி, ஆந்திரத்தோடு சேர்ந்திருந்த திருத்தணிப் பகுதி, ம.பொ.சிவஞானம் முன்னின்ற வடவெல்லைப் போராட்டத்தின் பயனாக 1960 ஏப்ரல் 1 அன்று தமிழகத்தோடு இணைந்தது. வீட்டில் தெலுங்கும் பள்ளியில் தமிழுமாக வளரும் பிள்ளைகள் இங்கு உண்டு. அவர்களுக்குப் பாடநூலுக்கு வெளியே ஒரு தமிழ் நூல் காசில்லாமல் கைக்கு வரும் இடம் நூலகமே. மண்ணுக்காகப் போராடிய வட்டாரத்தில் அதன் மொழி குடியிருக்கும் அறையைக் கைவிடுவது எனக்கு ஏற்க முடியாதது.

5. செய்யத்தக்கது

புரவலர்களைச் சேர்ப்பதும் நூல் நன்கொடை கேட்பதும் நல்லவையே. ஆனால் வாசகர் வட்டம் அதோடு நின்றுவிடக் கூடாது. நூலக வரியாக எவ்வளவு வசூலானது, எந்த நாளில் எவ்வளவு செலுத்தப்பட்டது என்று 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி கேட்கலாம். பதிலை ஜனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 கிராம சபைகளில் உரக்கப் படித்துத் தீர்மானமாக்கலாம். வீட்டுவரி ரசீதை வைத்திருக்கும் நெசவாளி எவரும் அந்தக் கணக்கைக் கேட்கலாம். அவர் கொடுத்த பணம் அதில் இருக்கிறது.