கருவிழிக் கீறலின் வரலாறு

கொழுந்து பறிக்கையில் குச்சி கண்ணைக் கீறினால், தானே ஆறிவிடும் என்று நாம் இருந்துவிடுகிறோம். அந்தக் கீறலே பார்வையைப் பறிக்கக்கூடும். அதனை மருத்துவர்கள் ஆராய்ந்த வரலாற்றை இன்று காண்போம்.

1976இல் டாக்டர் ஜி. வெங்கடசாமி மதுரையில் 11 படுக்கைகளுடன் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். 1994இல் மூன்றே மாதங்களில் கருவிழிப் புண்ணோடு அங்கு வந்த 434 பேரை ஆராய்ந்தார்கள். பாதிக்கு மேற்பட்டோர் உழவுத் தொழிலாளர்கள். 284 பேருக்கு முன்பே கண்ணில் அடிபட்டிருந்தது. கிருமி தெரியவந்தவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேரிடம் பூஞ்சை இருந்தது.

பூஞ்சைக்கு ஏற்ற மருந்து எது? இதை அறிய, 1968இல் அமைந்த அமெரிக்கத் தேசியக் கண் ஆய்வுக் கழகம் ஆய்வு நிதி வழங்கியது. அரவிந்த் மருத்துவமனைகளில் 323 நோயாளிகளிடம் சோதித்தார்கள். விலையுயர்ந்த புதிய வோரிகோனசோலைவிடப் பழைய நாட்டமைசின் சொட்டு மருந்தே சிறந்தது என 2013இல் தெரிந்தது.

புண் வருமுன் காக்கவும் வழியுண்டு. நேபாளத்தின் பக்தபூரில், கீறல் பட்ட 18 மணி நேரத்துக்குள் கிருமிக்கொல்லிக் களிம்பு இட்டவர் எவருக்கும் புண் வரவில்லை. இது 2001இல் வெளியான செய்தி.

ஆகவே தாய்மார்களே, கண்ணில் தாய்ப்பாலோ விளக்கெண்ணெயோ விடாதீர்கள். அன்றே கிளினிக்குக்குச் செல்லுங்கள்.

பயிற்சி பெறும் இளம் மருத்துவர்களுக்கும் அக்கழகம் ஆய்வு உதவித்தொகை தருகிறது. உதவி கிடைத்தால்தான் எளியோரின் நோயும் ஆராயப்படும். நம் திரிங்காப் பிள்ளைகளும் மருத்துவம் படித்து, தோட்டத் தொழிலாளியின் கண்ணை ஆராய வேண்டும்.