கணவாயும் கணக்கேடும்

மேற்குத் தொடர்ச்சி மலை தெற்கே இறங்கி வந்து, குமரிக் கடலை எட்டுவதற்குச் சற்று முன்னே ஓரிடத்தில் தாழ்ந்து வழிவிடுகிறது. அந்த வழியில் அமைந்த ஊர் ஆரல்வாய்மொழி. ‘ஆரல்’ என்பதற்கு மதில் என்று பொருள் கொண்டு, மதிலும் வாயிலும் சேர்ந்தே இப்பெயர் பிறந்தது என்பாரும் உளர். பெயர்க் காரணம் எதுவாயினும் ஆகுக. பாண்டிச் சீமையையும் நாஞ்சில் நாட்டையும் பிணைத்ததும் பிரித்ததும் இந்த வாயிலே. வெள்ளையர் தம் நாவுக்கு இசைய இதனை ‘ஆரம்போலி’ என்று எழுதி வைத்தனர். திருவிதாங்கூர் ஆட்சியில் எல்லைச் சவுக்கையில் சுங்கம் இறுத்த பின்னரே சரக்கு வண்டி நாட்டுக்குள் நுழையலாம். கோட்டாறு, திட்டுவிளை, தக்கலை முதலிய ஊர்களில் வாழும் நம் வணிகக் குடும்பங்களுக்குத் திருநெல்வேலிச் சந்தையும் காயல்பட்டினத்து உறவும் இக்கணவாய்க்கு அப்பால்தான் இருந்தன.

வணிகம் செல்லும் வழியே படையும் வரும். 17ஆம் நூற்றாண்டில் மதுரை நாயக்கர் படைகள் நாஞ்சில் நாட்டுக்குள் புகுந்தன. 1740இல் சந்தா சாகிபின் படை வந்து சூறையாடிச் சென்றது. மறு ஆண்டு, 1741இல், குளச்சலில் டச்சுக்காரரை வென்ற மார்த்தாண்ட வர்மா, அப்போரில் சிறைப்பட்ட டிலனாய் என்பவரையே தம் படைக்குப் பயிற்சியாளராக்கிக்கொண்டார். அவரது மேற்பார்வையில் கடற்கரை வட்டக்கோட்டை முதல் மலை வரை தெற்கு எல்லையின் அரண்கள் வலுப்படுத்தப்பட்டன. கடலையும் மலையையும் இரு தூண்களாக வைத்து, இடையிலே மதில் என்னும் கதவைப் பூட்டிவிட்டதாகவே திருவிதாங்கூர் கருதியது.

அந்தக் கதவின் வலிமையைச் சோதித்த ஆண்டு 1809. குமரி மாவட்டத்துத் தலக்குளத்தில் பிறந்த வேலுத்தம்பி தளவாய், கிழக்கிந்தியக் கம்பெனியின் பிடியை உதற எழுந்து, அவ்வாண்டு ஜனவரி 11ஆம் நாள் குண்டறையிலே தம் அறிக்கையை வெளியிட்டார். பிப்ரவரித் தொடக்கத்தில் கர்னல் செயிண்ட் லெஜர் தலைமையில் கம்பெனிப் படை ஆரல்வாய்மொழி மதிலின் முன் வந்து நின்றது. பீரங்கிகள் நிறைந்த மதிலை நேர்முகமாக மோதுவது பேரிழப்பில் முடியும் என்பதை அவர்கள் உணர்ந்திருந்தனர். ஆதலால் வாயிலை விட்டுவிட்டனர். மேஜர் வெல்ஷ் என்பவர் ஒரு சிறு பிரிவுடன் இருளிலே தென்புறத்துச் செங்குத்தான மலையில் ஏறினார். பாறையும் முட்புதருமான அச்சரிவில் இரவெல்லாம் ஏறி, 10ஆம் நாள் விடியற்காலையில், மதிலை மேலிருந்து நோக்கும் காவல் அரணைக் கைப்பற்றினார். பள்ளத்திலே நின்ற மதில் அதன் பிறகு மதிலாக இல்லை. சில நாட்களுக்குள் உதயகிரியும் பத்மநாபபுரமும் பணிந்தன. வெல்ஷ் பின்னாளில் தம் நினைவுக் குறிப்புகளை எழுதி 1830இல் நூலாக வெளியிட்டார்.

மலைமீது காவல் இல்லாமல் இல்லை. எனினும், இத்தகைய சரிவிலே இருட்டில் எவர் ஏறி வரப்போகிறார் என்ற எண்ணம் காவலர் உள்ளத்தில் இருந்திருக்க வேண்டும். மதிலை உடைத்தது பீரங்கியன்று, அந்த எண்ணமே என்று கூறத் தோன்றுகிறது.

இதைப் படிக்கும் நம்மவர்க்கு உஹது நினைவுக்கு வராமல் போகாது. ஹிஜ்ரி 3ஆம் ஆண்டு (கி.பி. 625) அப்போர்க்களத்தில், அப்துல்லாஹ் இப்னு ஜுபைர் (ரலி) தலைமையில் 50 வில்லாளிகளை ஒரு குன்றின்மீது நிறுத்தி, வெற்றியாயினும் தோல்வியாயினும் இடத்தை விட்டு அகலக்கூடாது என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பணித்தார்கள். பகைவர் பின்வாங்கியதைக் கண்டதும் பெரும்பாலோர் போர் முடிந்ததென்று குன்றை விட்டு இறங்கினர். அப்போது எதிரணியில் இருந்த காலித் இப்னு வலீத், வெறுமையான அந்தப் புறத்தைக் கண்டு பின்னிருந்து பாய்ந்தார். எழுபது பேர் ஷஹீதானார்கள். காவல் தளர்ந்தது தோல்வியின் அச்சத்தாலன்று, வெற்றியின் நிம்மதியால் என்பது ஆழ்ந்து எண்ணத்தக்கது.

இப்போது அதே கணவாய்க்கு வருவோம். இன்று அங்கே சவுக்கை இல்லை. மதிலின் எச்சங்களே உள்ளன. ஆனால் கணவாயினூடே புகும் காற்றைப் பிடித்து மின்சாரமாக்கும் காற்றாலைகள் முப்பந்தல் தொட்டு வரிசை வரிசையாக நிற்கின்றன. கிழக்கே முப்பது கிலோமீட்டருக்குள் கூடங்குளம் அணுமின் நிலையம், 1000 மெகாவாட் திறன் கொண்ட உலைகளுடன் இயங்குகிறது. சரக்கு வண்டியினும் விரைவாக இன்று எல்லை கடப்பது செய்தி. அதாவது கணினி வழியே ஓடும் கணக்கும் கட்டளையும். அதற்கும் மதில் உண்டு. அதற்கும் மலைப்புறம் உண்டு.

2019ஆம் ஆண்டு செப்டம்பர் 4ஆம் நாள், கணினிக் குற்றங்களைக் கண்காணிக்கும் மத்திய அரசின் அமைப்பு, கூடங்குளத்துக் கணினி ஒன்றில் நச்சு நிரல் புகுந்திருப்பதை அணுமின் கழகத்துக்கு அறிவித்தது. ‘டிடிராக்’ என்று ஆராய்ச்சியாளர் பெயரிட்டிருந்த அந்த நிரல் எதையும் உடைப்பதன்று. விசைப்பலகையில் தட்டுவதை ஒட்டுக்கேட்டு, கோப்புகளின் பட்டியலைத் திரட்டி அனுப்பும் உளவாளி அது. படை வருமுன் ஒற்றன் வருவான் என்பது பழைய போர்முறையே. அக்டோபர் இறுதியில் செய்தி வெளியே கசிந்தது. 29ஆம் நாள் நிலையத்தின் சார்பில் மறுப்பு வந்தது: கட்டுப்பாட்டுக் கணினிகள் வெளியுலகோடு இணைக்கப்படாமல் தனித்து நிற்பவை, ஆகவே தாக்குதல் இயலாத காரியம் என்று. மறுநாளே அணுமின் கழகம், நிரல் புகுந்தது உண்மை; நிர்வாக அலுவலுக்காக இணையத்தோடு இணைந்திருந்த ஒரு கணினியில் அது காணப்பட்டது; உலையை இயக்கும் வலையமைப்பு அதனின்று பிரிக்கப்பட்டுள்ளது என்று ஒப்புக்கொண்டது.

இரண்டு அறிக்கைகளும் ஒன்றையொன்று பொய்யாக்கவில்லை என்று வாதிடலாம்தான். ஆனால் வீட்டில் கள்ளன் புகுந்தானா என்று கேட்பவனிடம், இரும்புப் பெட்டி திறக்கப்படவில்லை என்று விடை கூறினால் அவன் நிம்மதியாக உறங்கச் செல்வானா? அருகே இடிந்தகரை மக்கள் பல ஆண்டுகள் அஞ்சிப் போராடிய ஓரிடத்தில், அந்த ஒரு நாள் மறுப்பு நச்சு நிரலைவிட மிகுதியாக நம்பிக்கையைக் கெடுத்தது என்பது என் கருத்து. இத்தகைய ஊடுருவலைக் கண்டறிந்த 6 மணி நேரத்துக்குள் அரசுக்குத் தெரிவித்தாக வேண்டும் என்று 2022 ஏப்ரலில் விதி வந்தது.

பூட்டு உண்டானபோதே திறவுகோலும் உண்டாகிறது. இத்துறையின் மூத்த ஆசான் நம் பாரம்பரியத்தவர் என்பதை இங்கே குறிப்பிடாமல் மேற்செல்ல மனமில்லை. ஹிஜ்ரி 3ஆம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த அல்-கிந்தீ, மறைமொழியில் எழுதிய கடிதத்தை உடைக்கும் வழியைக் கண்டார். ஒரு மொழியில் எந்த எழுத்து எத்தனை முறை வருகிறது என்று எண்ணி, மறைமொழியில் மிகுந்து வரும் குறியை அதனோடு பொருத்திப் பார்ப்பது அது. இம்முறையை விளக்கி இன்று கிடைக்கும் நூல்களுள் மிகத் தொன்மையானது அவருடையதே. ரகசியம் காப்போர் அனைவரும் அன்று முதல் இன்று வரை அவருக்கு விடை தேடிக்கொண்டிருக்கின்றனர் எனலாம்.

அணு உலை அரசின் பொறுப்பு, நமக்கென்ன என்று கடை வைத்திருப்பவர் எண்ணலாகாது. இக்காலத்துக் கள்ளன் பெரும்பாலும் எளிய வழியிலேயே வருகிறான். நெடுநாள் சரக்கு அனுப்பும் வியாபாரியின் பெயரில் ஒரு மின்னஞ்சல் வரும். வங்கிக் கணக்கு மாறிவிட்டது, இம்முறை பணத்தைப் புதிய கணக்கில் செலுத்துக என்று அதிலே கண்டிருக்கும். எழுத்து நடையும் பெயரும் அப்படியே இருக்கும். பணம் போன பின்னரே உண்மை தெரியும்.

இதற்கு மாற்று நம் முன்னோரின் உண்டியல் வணிகத்திலேயே இருந்தது. உண்டியல் என்பது, ஓர் ஊர் வணிகர் வேற்றூர் வணிகருக்கு, இன்னாருக்கு இவ்வளவு தொகை கொடுக்க என்று எழுதும் சீட்டு. அதனைக் கண்டவுடன் கொடுப்பது தரிசன உண்டியல், நாள் குறித்துக் கொடுப்பது தவணை உண்டியல். சீட்டை எழுதியவர் தொகையையும் பெறுபவரையும் குறித்து வேறொரு கடிதத்தைத் தனியே அனுப்புவார். அக்கடிதமும் சீட்டும் ஒத்தாலன்றிப் பணம் கைமாறாது. ஒரு வழியில் வந்த கட்டளையை மற்றொரு வழியில் உறுதி செய்யாமல் பெட்டியைத் திறப்பதில்லை என்பதே இதன் சாரம். இன்றைய வங்கிகள் கைப்பேசிக்குத் தனியே எண் அனுப்புவதும் இதே தத்துவம்தான். மின்னஞ்சல் கண்டதும் பழைய தொலைபேசி எண்ணில் அந்த வியாபாரியை அழைத்து அவர் குரலைக் கேட்பதும் அதுவே. சீட்டு வழியில் தொலைந்தால் இரண்டாம் படி எழுதுவர். அதுவும் தொலைந்தால் மூன்றாவது. ‘ஜோக்மி’ என்றொரு வகையும் இருந்தது. சரக்கு பத்திரமாகக் கரை சேர்ந்தால்தான் அதற்குப் பணம். கப்பல் மூழ்கினால் இல்லை. இழப்பு நேரும் என்பதை முன்னமே கணக்கில் எழுதி வைத்த வணிகம் அது. கடனை எழுதி, சாட்சி வைத்துக்கொள்ளுமாறு பணிக்கும் அல்-பகரா 282ஆம் ஆயத்தே திருக்குர்ஆனில் மிக நீண்ட ஆயத்து என்பதை நம் பிள்ளைகள் அறிவர்.

காவல் தோற்ற பின்பும் தொழில் நிற்காமல் இருக்க என்ன செய்வது என்பது அடுத்த வினா. ‘தொழில் தொடர்ச்சி’ என்ற பெயரில் இதற்கென உலகத் தரக்கட்டளையே, ஐ.எஸ்.ஓ. 22301 என்று, 2012இல் வந்திருக்கிறது. இதற்கு முப்பந்தல் காற்றாலைகளின் இனத்திலிருந்தே ஒரு சான்று கூறலாம். 2022 பிப்ரவரி 24ஆம் நாள், உக்ரைன் போர் தொடங்கிய வேளையில், வயாசாட் நிறுவனத்தின் செயற்கைக்கோள் இணைப்பு தாக்கப்பட்டது. புகுந்த வழி, நிர்வாகப் பகுதிக்குச் செல்லும் சரியாக அமைக்கப்படாத ஓர் இணைப்புக் கருவி. மறுபடியும் தென்புறத்து மலைதான்! அதனால் எனர்கான் நிறுவனத்தின் 5,800 காற்றாலைகள், 11,000 மெகாவாட் அளவிலானவை, தொலைக் கண்காணிப்பை இழந்தன. ஆயினும் அவை நிற்கவில்லை. காற்றின் திசைக்குத் தலையைத் திருப்பவும் இறக்கையின் சாய்வை மாற்றவும் கோபுரத்துக்குள்ளேயே அறிவு வைக்கப்பட்டிருந்தமையால், தலைமையிடம் ஊமையான பிறகும் சுழன்றுகொண்டிருந்தன. அவ்வாண்டு நவம்பர் 23ஆம் நாள் டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் கணினிகள் முடக்கப்பட்டபோது, ஏறத்தாழ இரு வாரங்கள் தாளும் பேனாவுமே நோயாளிகளைக் காத்தன.

எல்லாவற்றினும் வியப்பானது மெர்ஸ்க் கப்பல் நிறுவனத்தின் கதை. 2017 ஜூன் 27ஆம் நாள் ‘நாட்பெட்யா’ என்னும் நச்சு நிரல் அதனைத் தாக்கியது. அது புகுந்த வாயில், உக்ரைனில் வரி செலுத்துவதற்காகப் பயன்படுத்தப்பட்ட ஒரு கணக்கெழுதும் நிரல்! கணக்கேட்டின் வழியே வந்த நோய் 45,000 கணினிகளையும் 4,000 தலைமைக் கணினிகளையும் வீழ்த்தியது. நம் நாட்டில் மும்பையை அடுத்த ஜவஹர்லால் நேரு துறைமுகத்தின் ஒரு முனையமும் செயலிழந்தது. நிறுவனத்தின் வலையமைப்பில் யார் எவர் என்று அறிந்து வைத்திருக்கும் பதிவேடு ஏறத்தாழ 150 கணினிகளில் படி எடுக்கப்பட்டிருந்தது. ஒன்று கெட்டால் மற்றொன்று உதவும் என்பது ஏற்பாடு. ஆனால் அவையனைத்தும் ஒன்றோடொன்று பிணைக்கப்பட்டிருந்தமையால் அனைத்தும் ஒருசேர அழிந்தன. மூன்று உண்டியல்களையும் ஒரே பையில் போட்டு, ஒரே ஆளிடம், ஒரே வழியில் அனுப்பியதற்கு ஒப்பாகும் இது.

ஒரே ஒரு படி மட்டும் தப்பியது, மேற்கு ஆப்பிரிக்காவின் கானா நாட்டு அலுவலகத்தில். தாக்குதல் நிகழ்ந்த வேளையில் அங்கே மின்வெட்டு ஏற்பட்டு அந்தக் கணினி அணைந்து கிடந்தது. அதிலிருந்த பதிவேட்டை இணைய வழியே இங்கிலாந்துக்கு அனுப்ப முயன்றனர்; இணைப்பின் வேகம் போதவில்லை. கானா ஊழியர் எவரிடமும் பிரிட்டன் விசா இல்லை. எனவே ஒருவர் அதனைக் கையில் எடுத்துக்கொண்டு விமானத்தில் நைஜீரியா சென்று, விமான நிலையத்தில் காத்திருந்த மற்றோர் ஊழியரிடம் ஒப்படைத்தார். அவர் அதைச் சுமந்துகொண்டு லண்டனுக்குப் பறந்தார். பத்து நாட்களில் அந்நிறுவனத்தின் கணினிகள் மீண்டும் நிறுவப்பட்டன.